குரு வராத ஞாயிறுகளுக்கு ஆயத்தம்: மடு வீதியில் இரண்டு இரவுப் பயிற்சித் தியானம்

பங்குத்தந்தை வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாலயங்களில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்தப் பணிக்கப்பட்ட பொதுநிலையினருக்காக, மன்னார் வீதியிலிருந்து மடுவுக்குத் திரும்பும் சந்திக்கு அண்மையில் உள்ள ஒரு தியான இல்லத்தில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு நண்பகல் வரை நடைபெறும் பயிற்சித் தியானத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். 2025 பெப்ரவரியில் அதில் நான் கலந்துகொண்டேன். இல்லத்தின் பெயரை நான் எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு: நடத்துகின்றவர்கள் விளம்பரத்தை விரும்பாதவர்கள், மேலும், குறைகளையும் சொல்லப்போகும் ஒரு மதிப்புரையில் அவர்களைப் பெயரிட்டு நிறுத்துவது முறையாக எனக்குப் படவில்லை. போக விரும்புகின்றவர் தம் பங்குப்பணிமனையில் விசாரித்தால் போதும், வழி சொல்லிவிடுவார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தத் தியானம் யாருக்குப் பயன்படும் என்பது அதைப் பொறுத்தது. நான் பாடசாலைச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள். 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறி அக்கராயன், மல்லாவி என்று இடம் மாறிய காலத்தில், மரத்தடி வகுப்புகளில் எழுதிக்கொண்டிருந்த என் கொப்பிகள் எட்டாம் தரத்தோடு நின்றுவிட்டன. மணமுடித்துச் செட்டிகுளம் பக்கம் வந்த பின்னர் ஆலயத்தில் பீடத்துணிகளைத் தைத்துக் கொடுப்பதும், வாசகம் வாசிப்பதும் என் பணிகளாயின. எங்கள் சிற்றாலயத்தில் வழிபாட்டை நடத்திவந்த மூத்தவர் காலமானதும், 2024 யூலையில் பங்குத்தந்தையான சுவாமி என்னை அழைத்து, இனி நீங்கள் நடத்துங்கள் என்றார். வாசிப்பது வேறு, வாசித்ததைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது வேறு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தாரேயன்றி, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

என் கெட்டகாலமோ நல்லகாலமோ, அந்த ஆண்டின் ஞாயிறு வாசகச் சுழற்சியில் யூலைக் கடைசி ஞாயிறு முதல் ஐந்து வாரங்கள் தொடர்ந்து யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரமே வாசகமாக வந்தது. ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவளித்ததில் தொடங்கி ஐந்து வாரமும் அப்பம். அவற்றுள் மூன்று என் தலையில் விழுந்தன. முதல் வாரம் சிறுவனின் ஐந்து வாற்கோதுமை அப்பங்களைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் முறையும் அதையே பேசினேன். மூன்றாம் முறை என்ன பேசினேன் என்பது எனக்கே நினைவில்லை. கடைசி வாங்கிலிருந்த பெரியம்மா ஒருவர் வாசலில் என் கையைப் பிடித்து, "பிள்ளை, மனசைத் தளரவிடாதேங்கோ" என்று ஆறுதல் சொன்னபோதுதான், ஆறுதல் சொல்லப்படும் அளவுக்கு நிலைமை போய்விட்டதென்று விளங்கியது. இந்த நிலையில் போனவள் எழுதும் மதிப்புரை இது என்பதை வாசிப்பவர் மனதிற்கொள்ள வேண்டும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் பேருந்தில் ஏறிச் சந்தியில் இறங்கினால் முச்சக்கரவண்டி கிடைக்கும். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பின்னர் வரத் திட்டமிடுவது புத்தியல்ல, அந்தப் பக்கத்தில் யானை வீதிக்கு வருவது புதினமான செய்தியல்ல. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி மண்டபம், இரும்புக் கட்டில், துப்புரவான மலசலகூடம். கிணற்றுத்தண்ணீர் கடும் கல்லுத்தண்ணீர் ஆகையால் குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீரைக் கலன்களில் வைத்திருந்தார்கள், சிறுநீரக நோயால் அல்லற்படும் எங்கள் பகுதியில் இந்த ஒன்றைக் கவனித்திருந்தமைக்காகவே அவர்களைப் பாராட்டலாம். சாப்பாடு எளிமை, சனிக்கிழமை நண்பகல் வைத்த முருங்கைக்காய்ப் பால்கறியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். நுளம்புவலை தரமாட்டார்கள், கொண்டுபோக வேண்டும்.

வெள்ளி இரவு வழக்கமான அறிமுகப்படலம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தோம். வந்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் ஒவ்வொரு துண்டுக் கடதாசியைக் கொடுத்து, இந்தப் பணிக்கு நாங்கள் ஏன் பொருத்தமற்றவர்கள் என்பதை ஒரே வரியில் எழுதச் சொன்னார் தியானத்தை வழிநடத்திய அருட்சகோதரி. பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். சேர்த்து வாசித்தபோது மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. படிப்பில்லை என்று எழுதியவர்கள் ஆறு பேராவது இருப்பார்கள். எழுந்து நின்றால் கால் நடுங்குகிறது, வீட்டிலேயே சமாதானம் இல்லாதவன் சமாதானத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, முன்பு குடித்தவன் என்று ஊருக்குத் தெரியும், என் பிள்ளை காணாமற்போனபின் எனக்கே செபிக்க வருவதில்லை. கடைசியாகச் சொன்ன வரியை வாசித்தபின் சகோதரி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அதற்கு உடனடியாக ஒரு விடையைச் சொல்லிவிடாமல் அந்த இரவு முழுவதும் அதை அப்படியே இருக்க விட்டார் என்பதற்காக அவர்மீது எனக்கு ஏற்பட்ட மதிப்பு, பிறகு வந்த எல்லா வகுப்புகளுக்கும் அடித்தளமாக இருந்தது.

அதன்பின் விடுதலைப்பயண நூலின் மூன்றாம், நான்காம் அதிகாரங்களை எடுத்தார். எகிப்தில் அடிமையாயிருந்த மக்களை மீட்டுவரப் போ என்று ஆண்டவர் பணித்தபோது எரியும் முட்புதரின் முன் மோசே சொன்ன மறுப்புகளை நாங்கள் விரல்விட்டு எண்ணினோம், ஐந்து வந்தன. நான் யார் போவதற்கு என்பது முதலாவது. உம்முடைய பெயர் என்ன என்று மக்கள் கேட்டால் என்ன சொல்வேன் என்பது இரண்டாவது. நம்பமாட்டார்கள் என்பது மூன்றாவது. வாய் திக்கும், நாக் குழறும் என்பது நான்காவது. கடைசியில் காரணமே இல்லாமல், வேறு யாரையாவது அனுப்பும் என்பது. இந்தப் பகுதியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், ஆனால் சகோதரி காட்டிய இரண்டு இடங்களை ஒருபோதும் கவனித்ததில்லை.

ஒன்று, நான் யார் என்று மோசே கேட்டதற்கு ஆண்டவர், நீ இன்னார், அரண்மனையில் வளர்ந்தவன், எகிப்தின் வழக்கம் அறிந்தவன் என்று அவருடைய தகுதிகளை எடுத்துச் சொல்லவில்லை. நான் உன்னோடு இருப்பேன் என்கிறார். கேள்வி மோசேயைப் பற்றியது, விடையோ கேள்வி கேட்டவரைப் பற்றியதே இல்லை. இக்காலத்தில் உன்னால் முடியும், உன்னை நம்பு என்று முகநூலில் எங்கு பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வாசகங்கள் ஒருநாளும் உதவியதில்லை, ஏனெனில் என்னால் முடியாது என்பது எனக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். என்னால் முடியாது என்பதை மறுக்காமலேயே என்னை அனுப்புகிற ஒருவரைப் பற்றிக் கேட்டபோதுதான் மனம் இறங்கி வந்து உட்கார்ந்தது.

மற்றையது ஆரோனைப் பற்றியது. திக்குவாயைக் குணமாக்கியதாக நூலில் எங்கும் இல்லை. அதற்குப் பதிலாக, நன்றாகப் பேசக்கூடிய அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்றும், அவன் உன்னைச் சந்திக்க இதோ புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறான் என்றும் ஆண்டவர் சொல்கிறார். மோசே மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஆரோன் ஏற்கெனவே வழியில் இருந்திருக்கிறார். "உங்கட ஆரோன் யார் எண்டு போய்ப் படுத்துக்கொண்டு யோசியுங்கோ" என்று சகோதரி எங்களை அனுப்பிவைத்தார். நான் யோசித்தேன். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலியால் அரைமணி நேரம் நிற்க முடியாதவர், ஆனால் எழுத்தில் கைதேர்ந்தவர். ஏழு மாதங்களாக அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் நானே முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை மன்னாவைப் பற்றிய வகுப்பு. எகிப்திலிருந்து வெளியேறிய மக்களுக்குப் பாலைநிலத்தில் வானத்து உணவாக விழுந்த மன்னாவை அன்றன்றைக்குத் தேவையான அளவே சேர்க்க வேண்டும், மறுநாளைக்கென்று மீத்து வைத்தால் புழு பிடித்து நாறும், ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அதை வழிபாட்டு ஆயத்தத்தோடு பொருத்திக் காட்டினார்கள்: ஆண்டு முழுவதற்கும் பேசப் போதுமான அறிவு கிடைத்தபின் தொடங்குவேன் என்று காத்திருப்பவருக்கு அந்த அறிவு கிடைப்பதில்லை, இந்த ஞாயிறுக்கு வேண்டியது இந்த வாரத்தில் கிடைக்கும்.

இந்த இடத்தில், மன்னார்க் கரையோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த மூப்பர் ஒருவர் குளத்து உவமையைச் சொன்னார். சிறுபோகம் தொடங்குமுன் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் கூடி, குளத்தில் இருக்கும் நீரின் அளவைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவுசெய்வதுபோல, நம் கொள்ளளவைப் பார்த்துப் பணியை ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து. பலர் தலையாட்டினார்கள். வன்னியில் குளத்தைச் சொன்னால் யார்தான் தலையாட்டமாட்டார்கள்? எனக்கோ அது நேர் எதிரான உவமையாகத் தெரிந்தது. குளத்து நீர் கண்முன் நிற்கிறது, அளவுகோல் வைத்து அளக்கலாம். மன்னாவோ முந்திய இரவு வரை இல்லாதது. நீரைப் பார்த்து விதைப்பது கமக்காரனின் நியாயம், துணியைப் பார்த்து வெட்டுவது என் தொழிலின் நியாயம். இரண்டும் சரிதான், ஆனால் பஞ்சகாலத்தில் கைப்பிடி மாவே மீந்திருந்தும் இறைவாக்கினர் எலியாவுக்கு அடை சுட்டுக்கொடுத்த சாரிபாத்துக் கைம்பெண் அந்த நியாயத்தின்படி நடந்திருந்தால் தனக்கும் மகனுக்குமாகக் கடைசி அடையைச் சுட்டுத் தின்றுவிட்டு இறந்திருப்பாள். இதை எழுந்து சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தேநீர் இடைவேளையில் சகோதரியிடம் சொன்னேன்; அவர் திரும்பவும் மண்டபத்தில் என்னைக் கொண்டே சொல்ல வைத்தார், மூப்பரும் மனங்கோணாமல் கேட்டுக்கொண்டார். பானையில் மா நிறைந்ததாக அந்தக் கதையில் இல்லை, தீர்ந்துபோகவில்லை என்று மட்டுமே இருக்கிறது என்று மூப்பரே பின்னர் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வரி என் மூளைக்கு வந்திருக்காது.

செய்முறைப் பகுதியே இந்தத் தியானத்தின் மிகப் பயனுள்ள பகுதி, இதற்காக மட்டுமே போகலாம். நற்செய்தியைத் திங்கட்கிழமையே வாசித்துவிட வேண்டும். வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டியதை ஒரே வசனமாக எழுத முடியாவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். யூடியூப்பில் கேட்டதை அப்படியே ஒப்புவிக்கக் கூடாது. முடிவை எழுதிவைத்துக்கொண்டு தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பேருந்து நிறுத்தத்தைத் தவறவிட்ட சாரதி மாதிரி ஓடிக்கொண்டே இருப்போம். மறையுரை என்பது குருக்களுக்கும் தியாக்கோன்களுக்கும் (திருத்தொண்டர்களுக்கும்) உரியது, நாங்கள் செய்வது சிந்தனைப் பகிர்வு என்ற வேறுபாட்டையும் தெளிவாக விளக்கினார்கள். அது எனக்குப் பெரிய பாரத்தை இறக்கிவைத்தது, ஏனெனில் சுவாமி மாதிரிப் பேச வேண்டும் என்ற எண்ணமே என் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிறுவப்பட்ட பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தியதையும், பொதுநிலையினர் இப்படி நிற்பது ஆள் இல்லாக் குறைக்கான ஒட்டுப்போடல் அல்ல என்பதையும் சொன்னார்கள். (ஒட்டுப்போடல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், தினமும் செய்கிறேன்; நன்றாகப் போட்ட ஒட்டு புதுத்துணியைவிட நீடிக்கும் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.)

பின்னர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் எல்லார் முன்னிலையிலும் பேச வேண்டும். மணிக்கூட்டை வைத்துக்கொண்டு மூப்பர் முன்வாங்கில் இருந்தார். நான் பேசி முடித்ததும் அவர் சொன்னது: "தங்கச்சி, மூண்டு தரம் மன்னிப்புக் கேட்டனீங்கள். தெரியாது, தெரியாது எண்டு சொல்லிச் சொல்லியே ரண்டு நிமிசம் போட்டுது. சனம் உங்களைப் பாக்க வரேல்லை." சுடத்தான் செய்தது. ஆனால் தாழ்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என்னையே நடுவில் நிறுத்தும் இன்னொரு வழி என்பதை அதற்குமுன் எவரும் எனக்குச் சொன்னதில்லை. திரும்பப் பேசச் சொன்னார்கள். நாலரை நிமிடத்தில் முடித்தேன்.

அன்று மாலை வாகனத்தில் மடுத் திருத்தலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஓகஸ்ட் 15 பெருவிழாச் சனநெரிசலில் மட்டுமே அந்த வளாகத்தைக் கண்டிருந்த எனக்கு, ஆளரவமற்ற மாலையில் மரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது புதிய அனுபவம். அங்கே வைத்துச் சகோதரி வரலாற்றைச் சொன்னார். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1670இல் மாந்தையிலிருந்து ஏறத்தாழ இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தன என்பது மரபு. கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள். அந்த இருபத்தொன்பது ஆண்டு ஞாயிறுகளில் செபமாலையைத் தொடங்கி வைத்தது யார், பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவர் கேட்டுவிட்டு, பெயர் தெரியாத அந்த மனிதர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்புப் படித்திருப்பார்கள் என்று என்னைப் பார்த்தார். வெள்ளி இரவு பெயரில்லாமல் எழுதிய துண்டு என்னுடையது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

அடிகளாரைப் பற்றியும் ஒன்று சொன்னார். அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, யார் கத்தோலிக்கர் என்று கண்டுபிடிப்பதற்காக வீடு வீடாகப் பிச்சை கேட்டுத் திரிந்தார். கொடுக்க வந்தவர் முதலில் கையேந்தினார். 2015 சனவரி 14இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அதே நாளில் திருத்தந்தை மடுவுக்கு வந்ததை நேரில் கண்ட இருவர் எங்களோடு இருந்தார்கள்; 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது இதே சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாட்களை அவர்களே நினைவுகூர்ந்தார்கள். ஆண்டுகளை ஒப்புவிக்கும் வகுப்பாக இல்லாமல், வாங்கில் இருந்தவர்களின் வாயிலிருந்தே வரலாற்றை வரவைத்த திறமை பாராட்டத்தக்கது.

இனிக் குறைகள். சனிக்கிழமை இரவு வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவர் ஒன்றரை மணிநேரம் ஒலிவாங்கியில் முழங்கினார். கடவுள் அழைத்தால் எல்லாவற்றையும் தருவார் என்பதற்கு அவர் காட்டிய சான்றுகள் தமக்குக் கிடைத்த வாகனமும், பிள்ளைக்குக் கிடைத்த வெளிநாட்டு விசாவும். பகல் முழுவதும் அன்றன்றைய அளவைப் பற்றிப் படித்தவர்களுக்கு இரவில் இதைப் பரிமாறியது பெரும் முரண். பிள்ளை காணாமற்போனதாக எழுதியவர் அந்த மண்டபத்தில்தான் இருந்தார் என்பதை அழைப்பித்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை இந்த நேரத்தை அமைதிச் செபத்துக்கு விட்டுவிடலாம்.

கட்டணம் இல்லை, இயன்றதைக் கடித உறையில் இடலாம் என்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் நாட்கூலிக்குப் போகின்றவர் இரண்டு நாள் சம்பளத்தை இழந்து வந்திருக்கும்போது, உறையில் எவ்வளவு வைப்பது என்ற சங்கடம் ஞாயிறு காலை பலரின் முகத்தில் தெரிந்தது; ஆளுக்கு ஏறத்தாழ இவ்வளவு செலவாகிறது என்று ஒரு தொகையைச் சுவரில் எழுதிவைத்தால் இருப்பவரும் கூடுதலாக வைப்பார், இல்லாதவரும் நிம்மதியாகப் போவார். கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடே, இருந்தாலும் சிறுபிள்ளைகளை விட்டுவிட்டு வரும் தாய்மாருக்கு இரவில் ஒரு முறை பேச அனுமதிக்கலாம். ஞாயிறு காலை வகுப்பு திருப்பலிக்கு நேரமாகிறதென்று அரைகுறையாக முடிந்தது. அவசரத்தில் தந்த போட்டோப்பிரதிகளில் இரண்டு பக்கங்கள் வாசிக்க முடியாத அளவு மங்கல்.

ஏற்கெனவே தயக்கமின்றிப் பேசக்கூடியவர்களுக்கு இந்தத் தியானம் சலிப்பூட்டலாம், அவர்களுக்கு வேதபாட அறிவைக் கூட்டும் நீண்ட பயிற்சிகள் வேறு உள்ளன. ஒரு பொறுப்பைத் தலையில் வைத்துவிட்டார்கள், இறக்கவும் முடியவில்லை, சுமக்கவும் முடியவில்லை என்று இருப்பவர்கள் இரண்டு நாள் கூலியைப் பார்க்காமல் போகலாம் என்பதே என் கணிப்பு.

திரும்பி வந்த வாரமே தமிழாசிரியரின் வீட்டுக்குப் போனேன். அவர் நான் எழுதியதைச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டு, இதைக் கேட்க இவ்வளவு நாள் எடுத்தீர்களா என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு வியாழனும் அவரிடம் போகிறேன். கூலியாக அவருடைய சாரங்களுக்கு ஓரம் தைத்துக் கொடுக்கிறேன். ஞாயிறுகளில் கால் இன்னும் நடுங்குகிறது, வாசகமேடைக்குப் பின்னால் அது யாருக்கும் தெரிவதில்லை. மன்னிப்புக் கேட்பதை ஒரு முறையாகக் குறைத்திருக்கிறேன். அடுத்த பயிற்சி மாரிக்கு முன்னர் நடக்கும் என்று சொன்னார்கள். எங்கள் பங்கிலிருந்து இன்னும் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நுளம்புவலையை மறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.